எந்த இடம் வரை புரிந்தது

‘புரியவில்லை’ என்பதை ஓர் அபிப்பிராயமாக எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி நம் வட்டத்துக்குப் புதிதல்ல. ‘எழுத்து’ வந்துகொண்டிருந்த 1959 முதல் 1970 வரையிலான வருஷங்களில் புதுக்கவிதையின் மேல் திரும்பத் திரும்ப வைக்கப்பட்ட புகார் அதுதான். மௌனியின் கதைகளைப் பற்றி இன்றும் அதே சொல் புழங்குகிறது. நம்மிடமும் ஒரு பதில் தயாராக இருக்கிறது: வாசகனுக்குப் பயிற்சி போதாது. புகாரும் பதிலும் அறுபது வருஷங்களாக எதிரெதிரே நின்றுகொண்டிருக்கின்றன. ஒன்று மற்றதை ஓர் அங்குலம் நகர்த்தியதாகத் தெரியவில்லை. இந்தப் பழைய வழக்கை நான் மறுபடி யோசிக்க நேர்ந்தது இலக்கியத்துக்கு வெளியே, மூளையையும் நரம்புகளையும் பற்றிய ஒரு கல்லூரி வகுப்பை முன்னிட்டு.

சேலம் நாமக்கல் சமவெளியில் பிள்ளைகளை டாக்டராக்கும் ஆசை ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. சேலத்தில் 1986இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது, நாமக்கல்லில் 2022இல். தனியார் கல்லூரிகளும், பிசியோதெரபி, நர்ஸிங் கல்லூரிகளும் நெடுஞ்சாலை ஓரங்களில் நிறைய. இந்தப் பக்கத்து மருத்துவக் கல்லூரி ஒன்றில் முதல் வருஷம் படிக்கும் நான்கு பையன்கள் என் வீட்டு மாடியறையில் குடியிருக்கிறார்கள். எந்தக் கல்லூரி என்பது இந்தக் கட்டுரைக்கு வேண்டியதில்லை. நான் வங்கியில் குமாஸ்தா, பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவன். இந்த இரண்டாவது தகுதியை நம்பித்தான் அவர்கள் ஒருநாள் ராத்திரி கீழே இறங்கி வந்தார்கள். நரம்பு மண்டலம் நடத்தும் பேராசிரியர் மேல் கல்லூரி முதல்வருக்கு ஒரு மனு எழுத வேண்டும். நல்ல ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். எழுபது பேர் கையெழுத்துப் போடத் தயார். மனுவில் என்ன கேட்கப்போகிறீர்கள் என்றேன். “அவர மாத்தணுங்கண்ணா” என்றான் ஒருவன்.

அந்தப் பேராசிரியரை நான் பார்த்ததில்லை. ஓய்வுபெற இரண்டு வருஷம் பாக்கி என்று மட்டும் தெரியும். மதிப்புரைகளை மட்டும் படித்துவிட்டு ஒரு புத்தகத்தின் மேல் தீர்ப்பு எழுதச் சொன்னால் எப்படியோ அப்படி இருந்தது. அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். நோட்ஸ் தருவதில்லை. ஸ்லைடு போடுவதில்லை, போர்டில் சாக்பீஸால் வரைகிறார், வரைந்ததை உடனே அழித்துவிடுகிறார். நடத்துவதைவிடக் கேள்வி கேட்பது அதிகம். சரியான விடை சொன்னாலும் ‘எப்படித் தெரியும்’ என்று மறுபடி கேட்கிறார். பரீட்சைக்கு வராததை நடத்துகிறார். வேகமாகப் பேசுகிறார். புரியவில்லை என்று சொன்னால் ‘என்ன புரியவில்லை’ என்கிறார். அது தெரிந்திருந்தால் நாங்கள் ஏன் எழுந்து நிற்கப்போகிறோம்? உள்தேர்வில் வகுப்பில் பாதிக்குமேல் ஃபெயில். இப்படிப் பன்னிரண்டு புகார்கள் தேறின.

நான்காவது பையன் எதுவும் சொல்லவில்லை. சங்ககிரிப் பக்கம் லாரி ஓட்டுபவரின் மகன். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 2020இல் வந்த 7.5 சதவிகித உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தவன். “நான் கையெழுத்துப் போடலீங்கண்ணா. நான் ஊருக்கே போயிர்றேன்” என்றான். பெட்டியைக் கட்டி வைத்திருக்கிறான் என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

இந்தப் புகார்களுக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. நாமக்கல் முட்டைக்கும் லாரி பாடி கட்டுவதற்கும் பேர்போன ஊர். அப்புறம் விடுதிப் பள்ளிகளுக்கும் பேர்போனது. 2007 முதல் 2016 வரை நுழைவுத் தேர்வு இல்லாமல் பிளஸ் டூ மதிப்பெண்ணே மருத்துவ இடத்தைத் தீர்மானித்தது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருஷம் உருவேற்றும் முறை இந்தச் சமவெளியில் நன்றாக வேர்பிடித்தது. ‘பிராய்லர் பள்ளி’ என்று அதற்குப் பெயர் விழுந்தது. பெயர் வைத்தவர்கள் கோழிப்பண்ணைகளைப் பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். 2017இல் நீட் வந்த பிறகு உருவேற்றிய பத்திகளின் இடத்தில் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது வந்தது. இரண்டு முறையிலும் ஓர் உறுதி மட்டும் மாறவில்லை. கேள்வி கேட்கப்படுவதற்கு முன்பே அதன் விடை எங்கோ அச்சாகியிருக்கிறது என்ற உறுதி அது. அதை நம்பி வளர்ந்த பையனிடம், சரியான விடை சொன்ன பிறகும் ‘எப்படித் தெரியும்’ என்று ஒருவர் கேட்டால் அவனுக்கு அது அவமானமாகவே படும். பேராசிரியர் பாடத்தை மட்டும் நடத்தவில்லை. அவன் இதுவரை வாங்கிய மதிப்பெண்களை எல்லாம் சந்தேகிக்கிறார்.

மனுவை எழுதுவதற்குமுன் ஒரே ஒரு வகுப்பைச் சொல்லுங்கள், எதில் புரியாமல் போயிற்று என்று பார்க்கலாம் என்றேன். தண்டுவடம் என்றார்கள். தண்டுவடத்தின் ஒரு பாதி மட்டும் அறுபட்டால் என்ன ஆகும் என்பதை மொரீஷியஸில் பிறந்த பிரௌன்-சேக்கார் 19ஆம் நூற்றாண்டிலேயே விவரித்திருக்கிறார். இன்றும் அவர் பெயரால்தான் அந்த நிலை வழங்குகிறது. பாடப்புத்தகங்களில் இதற்கு ஓர் அட்டவணை உண்டு: இடது பத்தியில் அறுபட்ட பாதை, வலது பத்தியில் அதனால் போகும் உணர்ச்சி. பையன்களுக்கு அட்டவணை தலைகீழ்ப் பாடம். பேராசிரியர் உள்தேர்வில் கேட்டது இது: ஒருவனுக்கு இடது கால் இழுக்கிறது, ஆனால் அதில் ஊசியால் குத்தினால் தெரிகிறது; வலது கால் நன்றாக நடக்கிறது, குத்தினால் தெரியவில்லை; எங்கே, எந்தப் பக்கம் அறுந்திருக்கிறது? இதைத்தான் ‘பரீட்சைக்கு வராதது’ என்று மனுவில் ஐந்தாவது புகாராக எழுதச் சொன்னார்கள். ஆனால் நோயாளி எப்போதும் அட்டவணையின் வலது பத்தியிலிருந்துதான் வருவான். இடது பத்தியைக் கண்டுபிடிப்பது டாக்டரின் வேலை.

பேசாமல் இருந்த சங்ககிரிப் பையனிடம், உனக்கு எதுவரை தெரிகிறதோ அதுவரை தமிழில் சொல் என்றேன். அவன் மனுவின் பின்பக்கத்தில் இரண்டு கோடுகள் இழுத்தான். இது ரோடு, இந்தப் பக்கம் இடது, அந்தப் பக்கம் வலது. இடது காலிலிருந்து இரண்டு லாரி சேலத்துக்குக் கிளம்புகிறது. வலி ஏற்றிய லாரி, ஏறின இடத்திலேயே ரோட்டைக் கடந்து வலது பக்கமாக மேலே போகிறது. கால் எந்த நிலையில் இருக்கிறது என்ற தகவலை ஏற்றிய லாரி இடது பக்கமாகவே நெடுகப் போய், ஊருக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால்தான் கடக்கிறது. மூளையிலிருந்து காலை அசைக்கச் சொல்லிக் கீழே வரும் வண்டியும் அதே இடத்தில் கடந்து இடது பக்கமாக இறங்குகிறது. இப்போது நடுவழியில் இடது ரோட்டை மறித்தால் என்ன ஆகும்? இடது காலின் வலி ஏற்கனவே பக்கம் மாறிவிட்டது, போய்ச் சேர்ந்துவிடும். இடது காலின் நிலை மாட்டிக்கொள்ளும். இடது காலை அசைக்க வரும் உத்தரவும் மாட்டிக்கொள்ளும். வலது காலின் வலி பக்கம் மாறி இந்த ரோட்டுக்கு வந்திருக்கிறதல்லவா, அதுவும் மாட்டிக்கொள்ளும். சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். உள்தேர்வுக் கேள்விக்கான விடை அவன் கையிலிருந்த தாளில் இருந்தது. அறுந்தது இடது பக்கம், கால்களுக்கு மேலே.

அந்த இரண்டாவது லாரி எந்த இடத்தில் கடக்கிறது என்று கேட்டேன். மெடுல்லாவில் என்றான். முகுளத்திலா என்றேன். “மெடுல்லான்னா முகுளமா?” என்று அவன் கேட்ட கேள்வியை நான் லேசில் மறக்க முடியாது. பள்ளிப் புத்தகத்தில் முகுளத்தைப் படம் வரைந்து பாகம் குறித்து மதிப்பெண் வாங்கியவன் அவன். கல்லூரிக்கு வந்து மூன்று மாதமாக மெடுல்லா என்ற புது உறுப்பு ஒன்றை அவன் தேடிக்கொண்டிருந்தான். ஆங்கில வழியில் படித்த மற்ற மூவரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, உடற்கூற்று நூல்களையும் தமிழாக்கினார். அதிலிருந்து ஒன்றே முக்கால் நூற்றாண்டு கழிந்தும், பள்ளியில் கற்ற சொல்லுக்கும் கல்லூரியில் கேட்கும் சொல்லுக்கும் நடுவே பாலம் போட நம்மிடம் ஆளில்லை. பையன் தனக்கு மூளை போதாது என்று நினைத்துப் பெட்டி கட்டியிருந்தான்.

அவர்களுடைய அபிப்பிராயங்களை அப்படியே ஒதுக்கிவிடக் கூடாது என்று இந்த இடத்தில் எனக்குத் தோன்றியது. அப்படியே ஏற்கவும் முடியவில்லை. ஸ்டான்ஃபோர்டில் ராபர்ட் சபோல்ஸ்கி 2010இல் நடத்திய, மனித நடத்தையின் உயிரியல் பற்றிய 25 விரிவுரைகள் பொதுவில் கிடைக்கின்றன. மாடியறையில் ராத்திரிகளில் அந்தக் குரல் கேட்கும். ‘கதை மாதிரி சொல்றாருங்கண்ணா, எல்லாம் புரியுது’ என்பார்கள். சபோல்ஸ்கி பெரிய அறிஞர். அவர் சொல்வது கேட்கத் தகுந்தது. ஆனால் அவர் இவர்களில் யாரையும் எழுப்பிக் கேள்வி கேட்பதில்லை. கேட்கும்போது புரிவதும், எழுந்து நின்று சொல்லும்போது புரிந்திருப்பதும் ஒன்றா என்பதுதான் விஷயம்.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மூன்று ஆய்வாளர்கள் ஒரு நடிகரை ‘டாக்டர் ஃபாக்ஸ்’ என்று அறிமுகப்படுத்தி, மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் இருந்த சபையில் பேசவைத்தார்கள். கணித விளையாட்டுக் கோட்பாட்டை மருத்துவக் கல்விக்குப் பிரயோகிப்பது தலைப்பு. பேச்சு வேண்டுமென்றே உள்ளீடற்றதாக, முன்னுக்குப்பின் முரணாகத் தயாரிக்கப்பட்டது. பேசிய விதமோ வசீகரமானது. சபை நல்ல மதிப்பெண் போட்டது. 1973இல் இது கட்டுரையாக வெளிவந்தது. வசீகரமும் உள்ளீடும் சேர்ந்திருப்பவர்கள் உண்டு. ஆனால் சபை போடும் மதிப்பெண் இரண்டில் எதற்கு என்பதை அந்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

இதற்கு மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. அமெரிக்க விமானப் படைக் கல்லூரியில் எந்த மாணவன் எந்த ஆசிரியரிடம் என்பதைக் குலுக்கல் போலத்தான் ஒதுக்குகிறார்கள். அந்த வசதியை வைத்துக்கொண்டு காரெல், வெஸ்ட் என்ற இருவர் செய்த ஆய்வு 2010இல் வந்தது. முதல் கணித வகுப்பில் நல்ல மதிப்பெண்ணையும் மாணவர்களின் நல்ல அபிப்பிராயத்தையும் பெற்றுத் தந்த ஆசிரியர்களிடம் படித்தவர்கள், அடுத்தடுத்த கடினமான வகுப்புகளில் பின்தங்கினார்கள். அபிப்பிராயம் கேட்கப்படும் நாள் தவறாக இருக்கிறது என்பதை இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். மாடியறைக்கு பைக் கடன் கேட்டு வரும் இறுதி வருஷப் பையன் ஒருவன் இதையே வேறு விதமாகச் சொன்னான்: “நானும் அவரத் திட்டினவன்தானுங்க. இப்ப வார்டுல பேஷன்ட்டத் தொடும்போது அவர் கேட்ட வரிசையிலதான் கேள்வி வருது. ஆனா போர்ட அழிக்கறது தப்புதானுங்க.” இதில் பின்பாதிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. நன்றியுள்ளவனாக ஆன பிறகும் அவன் புகாரில் ஒன்றைக் கைவிடவில்லை.

கடினம் என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பது உண்மையில் நான்கு. விஷயத்தின் கடினம் ஒன்று; நரம்புப் பாதை உடம்பில் அப்படித்தான் குறுக்கே போகிறது, யாரும் அதை நேராக்கித் தர முடியாது. பாஷையின் கடினம் இரண்டு. முகுளம் மெடுல்லாவாக வருவது. பழக்கத்தின் கடினம் மூன்று. அட்டவணையை நம்பி வளர்ந்தவன் கேள்வியின் முன்னால் தடுமாறுவது. நான்காவது, போதிப்பவரின் அசட்டையால் வருவது, வரைந்ததை அழிப்பது. முதலாவதைக் குறைத்தால் பாடமே இல்லாமல் போகும். இரண்டாவதையும் நான்காவதையும் குறைக்காமல் விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. மூன்றாவதைத் தாண்டுவதற்குத்தான் கல்லூரி. ‘புரியவில்லை’ என்ற சொல் இந்த நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. ‘பயிற்சி போதாது’ என்ற பதிலும் அதையேதான் செய்கிறது. நம் பத்திரிகைகளில் வரும் மொழிபெயர்ப்புக் கட்டுரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். சிந்தனையின் கடினம் எவ்வளவு, ஒரு கலைச்சொல்லை மூன்று பக்கத்தில் மூன்று விதமாக எழுதியதால் வந்த கடினம் எவ்வளவு, அச்சுப்பிழையால் வந்தது எவ்வளவு என்று நாம் பிரித்துப் பார்த்ததுண்டா?

நரம்பியலின் தொடக்கத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. ஸ்பெயின் தேசத்து சாந்தியாகோ ராமோன் இ கஹால் 1887இல் கால்ஜியின் சாயமேற்றும் முறையைக் கற்றார். நரம்பு மண்டலம் ஒரே தொடர்வலை என்று பலரும் நம்பிய காலத்தில், அது தனித்தனி அணுக்களால் ஆனது என்று அவருக்குத் தெரிந்தது. வெளியிட இடமில்லை. 1888இல் தன் கைப்பணத்தைப் போட்டு ஒரு காலாண்டிதழ் தொடங்கினார். முதல் இதழ் அறுபது பிரதி. நம்மில் பலருக்குப் பரிச்சயமான எண்ணிக்கைதான். அந்தப் பிரதிகளை வெளிநாட்டு அறிஞர்களுக்கு அனுப்பிவைத்தார். பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஐரோப்பிய வாசகனுக்குப் பயிற்சி போதாது என்று அவர் நின்றுவிடவில்லை. 1889இல் தன் கண்ணாடித் தகடுகளைத் தூக்கிக்கொண்டு பெர்லினுக்குப் போனார். ஒவ்வொருவராக அழைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கவைத்தார். பெரியவரான கோலிகர் பார்த்து ஒப்புக்கொண்டார். 1906இல் நோபல் பரிசு கஹாலுக்கும் கால்ஜிக்கும் சேர்ந்து கிடைத்தபோதும் கால்ஜி ஒப்புக்கொள்ளவில்லை. பரிசு உரையிலேயே எதிர்த்துப் பேசினார். ஒரே சாயம், ஒரே திசு, இரண்டு வாசிப்பு. கஹால் விஷயத்தின் கடினத்தில் ஒரு துளியும் குறைக்கவில்லை. பார்க்க முடியாமல் தடுத்த தூரத்தை மட்டும் குறைத்தார்.

மனு விஷயத்துக்கு வருகிறேன். எந்த வகுப்பில், எந்த வரியில் என்று சொல்ல முடிகிற புகாரை மட்டும் எழுதித் தருகிறேன் என்றேன். பன்னிரண்டு மூன்றானது. வரைந்த படத்தை வகுப்பு முடியும்வரை அழிக்க வேண்டாம். புதுச் சொற்களைப் போர்டில் எழுதி நிதானமாக ஒருமுறை சொல்ல வேண்டும். பள்ளியில் படித்த தமிழ்ச் சொல் இருந்தால் அதையும் ஒருமுறை சொல்ல வேண்டும். எழுபது பேர் கையெழுத்து இதற்குக் கிடைக்கவில்லை, ஐந்து கிடைத்தது. இப்படிச் சுருங்கிய பிறகு முதல்வரிடம் போக வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. நேராகப் பேராசிரியரிடமே கொடுத்தார்கள். அவர் படித்துவிட்டு, யாருடைய இங்கிலீஷ் இது என்று கேட்டாராம். படம் இப்போது வகுப்பு முடியும்வரை போர்டில் இருக்கிறது. வேகம் குறையவில்லை. தமிழ்ச் சொற்கள் தனக்கே தெரியாது என்று சொல்லி, தெரிந்தவர்கள் எழுந்து சொல்லுங்கள் என்றிருக்கிறார். சங்ககிரிப் பையன் சில நாள் எழுந்து சொல்கிறான், சில நாள் சொல்வதில்லை. அடுத்த உள்தேர்வில் அவன் தேறியது இரண்டு மதிப்பெண் வித்தியாசத்தில். பெட்டி இன்னும் கட்டிலுக்கடியில்தான் இருக்கிறது, ஆனால் அவிழ்த்திருக்கிறது.

‘அவர மாத்தணும்’ என்று முதலில் சொன்ன பையன் மாறவில்லை. வருஷக் கடைசியில் ஆசிரியர்களைப் பற்றிய கருத்துப் படிவம் வந்தபோது எல்லாக் கேள்விக்கும் ஐந்துக்கு ஒன்று போட்டதாகச் சொன்னான். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவனுக்குக் கிடைத்த அனுபவம் அது. எனக்குக் குறையாகப் பட்டது படிவம்தான். வங்கியில் எந்தக் கணக்கைச் சேர்ந்தது என்று தெரியாத தொகை வந்தால் அதை ஏதோ ஒரு கணக்கில் போட்டு மூடிவிட மாட்டோம். தள்ளுபடியும் செய்ய மாட்டோம். சஸ்பென்ஸ் கணக்கில் வைப்போம். எங்கிருந்து வந்தது, எந்தத் தேதி, எவ்வளவு என்று பக்கத்திலேயே குறித்திருக்கும். நாள்பட நின்றால் ஆடிட்டர் கேட்பார். புரியாததை அப்படி நிறுத்திவைக்க அந்தப் படிவத்தில் இடமில்லை. ஒன்றிலிருந்து ஐந்துக்குள் தீர்ப்பு மட்டும் கேட்கிறது. எந்த இடம் வரை புரிந்தது என்று கேட்கவில்லை. அதைச் சொல்ல முடிகிறவன் அபிப்பிராயத்திலிருந்து விமர்சனத்துக்கு வந்துவிட்டான் என்று நினைக்கிறேன். ஆசிரியருக்கும் திருத்திக்கொள்ள ஒரு பிடி கிடைக்கிறது.

இந்த இதழில் ஒன்றுமே புரியவில்லை என்று நமக்கும் வருஷத்துக்கு நான்கைந்து கடிதங்கள் வருகின்றன. நாம் அவற்றுக்குப் பதில் எழுதுவதில்லை. எந்தப் பக்கம் வரை புரிந்தது என்று ஒரு கார்டு போட்டுக் கேட்டுப் பார்க்கலாம்.